நஸ்ரின் மாற்றாத ஃபைல்

சந்தேகப்படுவதில் எனக்குத் தனித் திறமை உண்டு. லோக்கல் ரயிலில் பக்கத்தில் நிற்பவர் இருமினால்கூட, கூட்டாளிக்கு ஏதோ சைகை காட்டுகிறார் என்று பர்ஸைத் தடவிப் பார்ப்பேன். அலுவலகத்தில் இந்தத் திறமையை முழுமூச்சாகக் காட்டியது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு அங்கே நிமிர்ந்து டீ குடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அப்போது வாஷியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு கேட்டரிங்காரருக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். அதை ஓடவிட ‘கான்ஃபிக் ஃபைல்’ என்று ஒன்று வேண்டும். எந்த சர்வரில் ஓட வேண்டும், ஆர்டர் வந்தால் எந்த மொபைலுக்குச் செய்தி போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அவருக்கு ஐந்து சமையற்கூடங்கள். கூடத்துக்கு ஒரு ஃபைல். ஐந்தையும் கையால் எழுத எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு பட்டியலைப் படித்து எல்லா ஃபைல்களையும் தானே எழுதித் தரும் குட்டி புரோகிராம், அதாவது ஸ்கிரிப்ட் ஒன்றைச் செய்தேன். (செய்த கையோடு ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.)

சோதித்துப் பார்ப்பதற்காக, பட்டியலில் செம்பூர் கூடத்தின் எண்ணுக்குப் பதிலாக என் அம்மாவின் எண்ணைப் போட்டிருந்தேன். என் எண்ணைப் போட்டால் எனக்கல்லவா தொந்தரவு!

வெப்சைட் திறந்த முதல் நாள் காலை, டோம்பிவிலியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“ஏல, எவனோ எங்கிட்ட நாப்பது சாம்பார் சாதம் கேக்கான். அதுல பத்துக்கு வெங்காயம் கூடாதாம்.”

பதறிப்போய் செம்பூர் ஃபைலைத் திறந்து, எண்ணைத் திருத்தினேன். ஆர்டர்கள் ஒழுங்காகச் சமையற்கூடத்துக்குப் போயின. அப்பாடா என்று இருந்தது. மறுநாள் காலை மறுபடியும் அம்மா.

“இன்னைக்கு அறுபது கேக்கான். ரசம் மட்டுந்தான் வச்சிருக்கேன்னு பதில் போட்டுட்டேன்.”

ஃபைலைத் திறந்தேன். நேற்று நான் அழித்த அம்மாவின் எண், எதுவுமே நடக்காததுபோல அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மறுபடி திருத்தினேன். யாரோ மாற்றியிருக்கிறார்கள்!

யாரோ என்ன யாரோ? எதிர் மேசை நஸ்ரின்தான். தாராவிப் பெண். அவள் வாப்பா அங்கே தோல் பைப் பட்டறை வைத்திருந்தார். சேர்ந்து இரண்டு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் ஸ்கிரிப்ட்டைப் பற்றிச் சொன்னபோது மற்றவர்கள் ‘ஆஹா’ என்றார்கள். அவள் மட்டும் “நல்லாருக்குண்ணே” என்று திரும்பிக்கொண்டாள். அந்த ‘நல்லாருக்கு’ சரியில்லை என்று அப்போதே பட்டது.

அன்று முழுவதும் அவளைக் கண்காணித்தேன். அவள் சிரித்தால் என் அம்மாவை நினைத்துச் சிரிக்கிறாள். சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி. சாயங்காலம் பேரீச்சம்பழம் நீட்டினாள். எதற்குத் திடீரென்று இவ்வளவு அன்பு? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் காலை, ஃபைலில் மீண்டும் அம்மா.

கேட்டரிங்காரர் எங்கள் மேனேஜர் கதம் சாருக்குப் போன் போட்டு, இன்னொரு நாள் இப்படி நடந்தால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வேன் என்று கத்தியிருக்கிறார். சார் எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டு என்ன நடக்கிறது என்றார். நான் எழுந்து, “யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்” என்று இந்தியில் முழங்கினேன். யார் என்றார். நஸ்ரினைப் பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். பெயரையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, அந்த ஃபைலைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டாள். நான் அந்த ஃபைலைத் திறந்தால் நேராக எண் இருக்கும் வரிக்குத்தான் போவேன். அவள் முதல் வரிக்குப் போனாள். அங்கே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. சாருக்காகச் சத்தமாகப் படித்தாள். பிறகு எனக்காகத் தமிழில்:

“‘இந்த ஃபைல் தினமும் காலை எட்டரைக்குத் தானாக எழுதப்படும். கையால் திருத்தினால் அழிந்துவிடும்.’ கீழ உங்க பேருதான் இருக்குண்ணே. இதையும் நான்தான் எழுதினேன்னு சொல்லுவீங்களா?”

என் ஸ்கிரிப்ட்! தினமும் ஓடும்படி நானே ஏற்பாடு செய்து, நானே எச்சரிக்கையும் எழுதி, பெருமையடித்துக்கொண்டதில் இரண்டையும் மறந்திருந்தேன். அது பாட்டுக்குக் காலையில் எழுந்து, பட்டியலைப் படித்து, என் திருத்தத்தைத் துடைத்துவிட்டு அம்மாவை வைத்திருக்கிறது. நஸ்ரின் பட்டியலில் எண்ணை மாற்றினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கதம் சார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மதியம் அவள் மேசைக்குப் போய் மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். அவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வேல போயிருந்தா வாப்பாக்கு என்னண்ணே சொல்லியிருப்பேன்? எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க? மாஃபியும் எல்லார் முன்னாடியும் கேளுங்க.”

கேட்டேன். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் உளறினேன். அந்த மாதமே அவள் வேலை நிரந்தரமானது. என் ஸ்கிரிப்ட்டும் அவள் பொறுப்புக்குப் போனது.

இதை அம்மாவிடம் சொன்னதுதான் என் அடுத்த முட்டாள்தனம். வீட்டில் சாவியோ கண்ணாடியோ காணாமல் போனால் இன்றைக்கும் அவள், “நஸ்ரின் எடுத்துட்டுப் போயிருப்பா” என்பாள். கல்யாணமான புதிதில், கதை தெரியாத என் மனைவி இதைக் கேட்டுக்கேட்டு, ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

“யாருங்க அந்த நஸ்ரின்? நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்துட்டுப் போறா?”

உண்மையைச் சொல்வதா, அவளைச் சந்தேகத்திலேயே விட்டுவிடுவதா, எதில் மானம் கொஞ்சமாவது மிஞ்சும் என்று இரண்டு நாள் யோசித்தேன்.