ஒண்ணோட நிறுத்த மாட்டான்

கையில் கொடுத்த கிளாஸை எங்கே கவிழ்ப்பது என்பதுதான் அன்புமணியின் பிரச்சினை.

"எடுத்துக்கங்க மாப்ள, எங்கிட்ட என்ன கூச்சம்?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டான்லி.

பெங்களூரில் ஏதோ ஒரு மாடியில், ஏதோ ஒரு இருட்டில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு என்ற பெயரில் யாரோ தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் காலேஜ் படிக்கிற வயதில் நாலு பெண்கள். அதில் ஒருத்தி பெரிய ஜாடியைத் தூக்கி, மோர் குடிப்பது மாதிரி பீரைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள். அன்புமணிக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று பிறகு அடித்தது.

"மச்சான், இது என்ன எடம்?"

"பப்பு மாப்ள! ஊர்லயே நல்ல பப்பு எதுன்னு ஆபீஸ்ல அத்தன பேர்கிட்டயும் விசாரிச்சுட்டுத்தான் கூட்டியாந்தேன்."

அன்புமணிக்கு இடி விழுந்ததுபோல் ஆயிற்று. அதற்குக் காரணம் இருந்தது.

அன்புமணி திண்டுக்கல்லில் பம்ப்செட் கடை வைத்திருப்பவன். அவன் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அவரை அடக்கம் செய்த அன்றே, இந்தச் சனியனைக் கையால்கூடத் தொடுவதில்லை என்று அந்தோணியார் கோயிலில் மண்டிபோட்டுச் சத்தியம் செய்தவன் அன்புமணி. அந்தச் சத்தியம்தான் அவனுக்குப் பெண்ணையும் கொண்டுவந்தது. வடமதுரையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சூசைமுத்து, தன் பங்குக் கோயிலின் மதுவிலக்குச் சபைக்குச் செயலாளர். "சொத்து வேணாம், படிப்பு வேணாம், தொடாத பையன் ஒருத்தன் போதும்" என்று மாவட்டம் முழுக்கச் சலித்துத்தான் இவனைப் பிடித்தார்.

பெண் பார்க்கப் போன அன்று, காப்பித் தட்டோடு வந்த ஆனந்தி குனிந்த தலை நிமிராமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நெசமாவே தொட மாட்டீங்களா?" "சத்தியமா" என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அன்புமணி கடையில் உட்கார்ந்து, ஒன்றரை எச்.பி. மோட்டார் கேட்டவருக்கு ஐந்து எச்.பி.யைக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தான்.

நிச்சயம் முடிந்த கையோடு மோட்டார் கம்பெனிக்காரர்கள் பயிற்சி என்று பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். ஆனந்தியின் அண்ணன் ஸ்டான்லி அங்கேதான் வேலையில் இருந்தான். வளர்த்த பெரியம்மா செபாஸ்தியம்மாள் பஸ் ஏற்றிவிடும்போது, "மச்சான் வீடுன்னு கூச்சப்பட்டுப் பட்டினி கெடக்காத அப்பு, நான் எல்லாம் சொல்லிட்டேன்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

இப்போது அந்த மச்சான், மதுவிலக்குச் சபைச் செயலாளரின் ஒரே மகன், பப்பில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இவன் குடிகாரன் என்று அப்பனுக்குத் தெரியாது போலிருக்கிறதே! வேண்டாம் என்று சொன்னால் மச்சான் முகம் சுண்டும். மச்சான் முகம் சுண்டினால் கல்யாணம் சுண்டும்.

ஸ்டான்லி கைகழுவ எழுந்து போன நேரத்தில், அன்புமணி நாற்காலிக்குப் பின்னால் இருந்த செடித் தொட்டியில் கிளாஸைக் கவிழ்த்தான். அப்பாடா என்று நிமிர்ந்தான்.

திரும்பி வந்த ஸ்டான்லி காலி கிளாஸைப் பார்த்துக் கண்ணை அகலமாக்கினான்.

"அதுக்குள்ளயா!"

"ஆமா மச்சான்... தாகம்."

ஸ்டான்லி எச்சில் விழுங்கிக்கொண்டு வெயிட்டரைக் கூப்பிட்டான். "சாருக்கு இன்னொண்ணு." பிறகு அன்புமணி பக்கம் குனிந்தான். "ஒங்களுக்கு ஹாட்டுதான் பிடிக்கும்னு எனக்குத் தெரியும் மாப்ள. அதான் பீரே சொல்லல."

"யாரு சொன்னா?"

ஸ்டான்லி பதில் சொன்னான். வாய் அசைந்தது தெரிந்தது. பாட்டு அதை விழுங்கிவிட்டது.

அன்புமணி அப்போதுதான் கவனித்தான். ஸ்டான்லியின் முன்னால் எலுமிச்சம்பழ ஜூஸ் இருந்தது.

"நீங்க சாப்பிடலியா மச்சான்?"

"நான் பைக் ஓட்டணும்ல?"

என்ன ஒரு நடிப்பு என்று அன்புமணி நினைத்துக்கொண்டான். வருங்காலத் தங்கச்சி மாப்பிள்ளை முன்னால் உத்தமன் வேடம்! தொட்டிச் செடி பாவம், இரண்டாவது கிளாஸையும் வாங்கிக்கொண்டது. மூன்றாவது வருவதற்குள் அன்புமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"தல வலிக்குது மச்சான், வீட்டுக்குப் போவமா?"

"எடம் பிடிக்கலியா? சொல்லியிருக்கலாம்ல! வாங்க, இதவிட நல்ல பப்பு ஒண்ணு இருக்கு. நீங்க ஒண்ணோட நிறுத்த மாட்டீங்கன்னும் கேள்விப்பட்டேன்."

அன்புமணி வாயைப் பிளந்தான். பிளந்த வாய் மூடுவதற்குள் பைக்கின் பின்சீட்டில் இருந்தான்.

இரண்டாவது பப்பில் செடி இல்லை. தேடித் தேடிப் பார்த்தான், ஒரு புல்பூண்டுகூட இல்லை. ஆகவே கிளாஸைச் சத்தமில்லாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளினான். அங்கே தனியாக உட்கார்ந்திருந்த மீசைக்காரர் அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, நாற்காலியோடு நகர்ந்து வந்து அன்புமணியைக் கட்டிக்கொண்டார். கன்னடத்தில் தன் குடும்பக் கதையைச் சொல்லி அழுதார். இவன் சட்டைத் தோளில் மூக்கைத் துடைத்தார். தம்முடைய கிளாஸிலிருந்து பாதியை இவன் மேலேயே கொட்டினார்.

ஸ்டான்லி விறைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவர ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாப்ள?"

"இப்பத்தான் மச்சான்!"

"இப்பத்தானா! அதுக்குள்ள இம்புட்டு ஒட்டுதலா?"

குறை சொன்னதால்தானே இன்னொரு இடத்துக்குக் கூட்டி வந்தான், பாராட்டிவிட்டால் விட்டுவிடுவான் என்று அன்புமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. "இதுக்கு மேல ஒரு எடம் ஒலகத்துலயே இருக்காது மச்சான். மனசு நெறஞ்சு போச்சு. கெளம்பலாம்" என்றான்.

ஸ்டான்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுக்கே இப்படிச் சொல்றீங்களே, மூணாவத நீங்க இன்னும் பாக்கல!"

மூன்றாவதில் செடியும் இல்லை, மீசைக்காரரும் இல்லை. மேசைக்கு அடியில்தான் ஊற்ற முடிந்தது. தரையோ பளிங்குத் தரை. "போதும் மச்சான்" என்று எழுந்தவன், தான் ஊற்றியதிலேயே கால் வைத்து வழுக்கி, மல்லாந்து விழுந்தான். இரண்டு வெயிட்டர்களும் ஸ்டான்லியும் கைகால் பிடித்துத் தூக்கிப் படியிறக்கினார்கள். "நான் தெளிவாத்தான் இருக்கேன்" என்று அன்புமணி சொல்லச் சொல்ல, வெயிட்டர்கள் "எஸ் சார், எஸ் சார்" என்றார்கள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பசி தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்டது. திண்டுக்கல்லாக இருந்தால் இந்நேரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பரோட்டாக் கல் நெருப்பாய்க் கிடக்கும், சால்னா கொதிக்கும். இவ்வளவு பெரிய ஊரில் ஹோட்டல் எல்லாம் கதவைச் சாத்திவிட்டு விளக்கையும் அணைத்துவிட்டிருந்தன. முறுக்கிய மீசையோடு போலீஸ்காரர் லத்தியால் கடைசி ஷட்டரைத் தட்டிக்கொண்டு போனார்.

"ராத்திரிச் சாப்பாடும் விசாரிச்சு வச்சிருக்கேன் மாப்ள" என்று ஸ்டான்லி மூன்று இடம் கூட்டிப் போனான். மூன்றும் பூட்டு. அப்போதைக்கு அதையாவது பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, ஒருவேளை அது திண்டுக்கல் பூட்டாக இருக்கலாம்.

போகிற வழியில் ஒரு பேக்கரி. அதுவும் மூடித்தான் கிடந்தது, ஆனால் உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. கண்ணாடி அலமாரியில் விற்காமல் மிஞ்சிய பலகாரங்கள் தட்டில் இருந்தன. அன்புமணி பைக்கிலிருந்து இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டு நினைப்பு வந்தது, பெரியம்மா நினைப்பு வந்தது, ஆனந்தியின் நினைப்பும் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மாப்ள... அழுறீங்களா?"

"பசி மச்சான்."

ஸ்டான்லி தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சைக்கிளில் வைத்து இட்லி விற்றவரிடம், பாத்திரத்தின் அடியில் கிடந்தது வரைக்கும் அன்புமணி வழித்துச் சாப்பிட்டான். ஸ்டான்லி ஒரு வாய்கூடத் தொடவில்லை. மறுநாள் பஸ் ஏற்றும்போது அவன் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை.

ராத்திரி குடிக்க விடாமல் நான் கூடவே இருந்துவிட்டேன் என்று கோபம்போல, என்று அன்புமணி முடிவு கட்டினான்.

ஊருக்கு வந்தும் மனது கேட்கவில்லை. ஆனந்தியின் அண்ணன் இப்படிக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? அப்பாவை அந்தக் குடிக்குத்தானே பறிகொடுத்தான்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வடமதுரைக்குப் போன் போட்டான்.

"மாமா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பெங்களூர்ல... குடி விஷயமா..."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "தெரியும் தம்பி. எல்லாம் தெரியும். நேர்ல வாரேன்."

பாவம், பெற்ற மனது என்று அன்புமணி நெகிழ்ந்தான். மறுநாள் காலையில் தன் மேட்டுப்பட்டி வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான். சம்பந்தி வருகிறார் என்றதும் செபாஸ்தியம்மாள், "செத்த நேரத்துல வந்துர்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

சூசைமுத்து வந்தார். பின்னால் ஸ்டான்லி. அவனும் ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தான். சூசைமுத்துவின் கையில், நிச்சயத்துக்கு அன்புமணி வீட்டார் கொடுத்த பட்டுச்சேலை பேப்பரில் சுற்றியிருந்தது. அதை நாற்காலியில் வைத்தார். உட்காரவில்லை.

"ஒங்க சேல. எம்மக நேத்துலருந்து அழுதுகிட்டுக் கெடக்கா. இத்தோட முடிச்சுக்குவோம்."

அன்புமணிக்குக் கண் இருட்டியது. "மாமா! மகன் குடிச்சா மக கல்யாணத்த ஏன் நிறுத்துறீங்க?"

"எவன் மகன்?"

"இவருதான்! என்னையக் கொண்டுபோய் மூணு பப்புல உக்கார வச்சாரே!"

"எம்மகனா!" சூசைமுத்துவின் குரலில் ஓடு அதிர்ந்தது. "சோடாகூடக் குடிக்கமாட்டான்யா! பூசைல திராட்ச ரசம் குடிக்கவே யோசிக்கிற பய!"

ஸ்டான்லி முன்னால் வந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. "வாழ்க்கைல பப்பு வாசப்படியே மிதிச்சதில்ல நான். ஒங்களுக்காக மாப்ள, ஒங்களுக்காக! தங்கச்சி போற வீடு, மாப்ள மனசு கோணக்கூடாதுன்னு! எது நல்ல பப்புன்னு கேட்டப்ப ஆபீஸ்ல அத்தன பேரும் சிரிச்சாங்க. ஒரு எடத்துல ரெண்டு கிளாஸ் கண்ணமூடித் தொறக்கறதுக்குள்ள காலி. இன்னொரு எடத்துல கன்னடக்காரரக் கட்டிப்புடிச்சு ஒரே அழுக. அப்புறம் மல்லாக்க விழுந்தீங்க. பேக்கரிக் கம்பியப் புடிச்சுகிட்டு அழுதீங்க! நான் ராத்திரி முழுக்கத் தூங்கல."

"நான் ஒரு சொட்டுத் தொடல! எல்லாம் செடிக்குத்தான் ஊத்துனேன்!"

"கேட்டீங்களாப்பா? செடிக்காம்!"

"ஒங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சுத்தான் மச்சான் நான் ஒக்காந்தே இருந்தேன்!"

"எனக்கா? ஒங்களுக்குத்தான் அது உசுருன்னு ஒங்க வீட்டுலருந்து போன் வந்துச்சே!"

"எங்க வீட்டுலருந்தா? யாரு?"

"யாரா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்" என்றார் சூசைமுத்து. "வாடா ஸ்டான்லி, போவோம்."

அன்புமணி வாசலில் குறுக்கே போய் நின்றான். அவனுக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. "மாமா, அந்தோணியார் மேல சத்தியமாச் சொல்றேன். ஆனந்திகிட்டச் சொன்ன வார்த்தைய நான் மீறல. வேணும்னா அவளையே கூப்பிட்டுக் கேளுங்க, நான் பொய் சொல்ற ஆளான்னு." சூசைமுத்து தலையை ஆட்டிக்கொண்டு அவனை விலக்கினார்.

விலக்கிய இடத்தில் செபாஸ்தியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து, கையில் எண்ணெய் ஊறிய பேக்கரிப் பொட்டலத்தோடு. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்யா, தெருமுக்கு வரைக்கும் சத்தம் கேக்குது! நான்தேன் போன் பண்ணேன். எங்க புள்ளைக்குப் பப்ஸுன்னா உசுரு, ராத்திரிலகூடக் கேப்பான், சூடா இருந்தா ஒண்ணோட நிறுத்த மாட்டான்னு நான்தேன் சொன்னேன். முட்டை பப்ஸா வெஜ் பப்ஸான்னு சொல்லாம விட்டது என் தப்புத்தேன், அதுக்காகக் கல்யாணத்தையே நிறுத்துவீகளா?"