வித்தியாசம் பூஜ்யம்

கடல் தோன்றிய நாள் முதல் அதற்கென்று ஒரு முறையான அலுவலகம் இல்லாமலேயே இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்த இந்த நிர்வாகக் குறையை, புன்னைக்காயல் கரையில் இரண்டு அறைகளில் இயங்கும் எங்கள் 'கடற்பயணத் தரவு ஒப்பீட்டுப் பிரிவு' சென்ற ஆண்டுதான் போக்கியது. அதில் புள்ளியியலாளனாகப் பணிபுரியும் பேறு எனக்குக் கிடைத்தது. பெயர் ஆறுமுகநயினார். ஊர் ஏரல். நீந்தத் தெரியாது. வேலைக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

பணி எளிது. விடியலில் கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளமும் எங்களிடம் டோக்கன் வாங்கும். அது காலை அட்டவணை. பிற்பகலில் கரை சேர்ந்ததும் டோக்கனைத் திருப்பித் தரும். அது மாலை அட்டவணை. ஆர் என்ற புள்ளியியல் மொழியில் நான் எழுதிய நிரல், இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, வரி வரியாக ஒப்பிட்டு, எத்தனை வித்தியாசம் என்று சொல்லிவிடும்.

நிரலின் பார்வை கூர்மையானது. காலையில் பச்சையாகப் போன ஒரு வள்ளம் மாலையில் நீலமாகத் திரும்பியதை அது முதல் வாரமே கண்டுபிடித்தது. காலையில் பதிந்தவர் வேறு, மாலையில் பதிந்தவர் வேறு என்ற அற்ப விளக்கத்தை யாரும் ஏற்கவில்லை. மூன்று கூட்டங்கள் நடந்தன. இறுதியில் அந்த நிறம் 'கடல்சார் பச்சை' என்று தீர்மானம் நிறைவேறியது.

ஒரே ஒரு தொல்லை. மீனுக்கு ஆலந்தலையில் நல்ல விலை என்று தெரிந்தால் சில வள்ளங்கள் அங்கேயே கரையேறி, மறுநாள்தான் ஊர் திரும்பும். மாலை அட்டவணையில் ஒரு வரி குறையும். அறிக்கை சிவப்பாகும். எங்கள் பிரிவின் தலைவர் லிங்கராஜ் சார் சென்னைக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். ஒன்பதாவது விளக்கம் எழுதிய அன்று அவர் என்னை அழைத்தார்.

"நயினார், ரெண்டு அட்டவணையிலயும் இருக்க வள்ளத்த மட்டும் ஒப்பிட்டாப் போதும்லா?"

"அப்ப வராத வள்ளம் சார்?"

"வராதத எது கூட வே ஒப்பிடுவீரு?"

நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதற்கு நான்கு விநாடி ஆயிற்று. பிறகு ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதை ஆழ்ந்த சிந்தனை என்று லிங்கராஜ் சார் பாராட்டினார். என் மௌனத்துக்கு அலுவலகத்தில் எப்போதும் நல்ல பெயர் உண்டு.

அன்று முதல் அறிக்கை தினமும் பச்சைதான். வித்தியாசம் பூஜ்யம்.

கரையில் விஜிலா என்ற பெண் சோற்றுக்கடை வைத்திருந்தார். கடலுக்குப் போகிறவர்களுக்கு விடியலில் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுப்பார். கடைச் சுவரில் வள்ளத்துக்கு ஒன்றாக நாற்பத்தோரு ஆணிகள். திரும்பி வருகிறவர்கள் காலிச் சட்டியை அவரவர் எண்ணில் மாட்டிவிட்டுப் போவார்கள். மின்சாரம்கூடத் தேவைப்படாத பிற்போக்கான ஏற்பாடு.

ஆடி மாதத்தில் ஒரு நாள், காற்று பலமாக அடித்தது. நான்கு மணிக்கு அறிக்கை சென்னைக்குப் போனது. நாலேகாலுக்கு விஜிலா அலுவலகத்துக்குள் வந்தார்.

"சார், பதினேழாம் ஆணி காலியா கெடக்கு. எங்க வீட்டு ஆளு போன வள்ளம். கூட ரெண்டு பேரு இருக்காவ. ஆலந்தலைக்கும் போன் போட்டுக் கேட்டாச்சு, அங்கனயும் கரையேறல. தேடுபடகுக்குச் சொல்லுங்க சார்."

லிங்கராஜ் சார் அறிக்கையை அவர் பக்கம் திருப்பினார். "பதட்டப்படாதீங்கம்மா. இங்கன பாருங்க. ஒப்பிட்ட வரிகள் நாப்பது. வித்தியாசம் பூஜ்யம்."

"காலைல நாப்பத்தொண்ணுல்லா போச்சு?"

"அந்த ஒண்ணு ஒப்பீட்டுக்கே வரலியேம்மா. வந்திருந்தா கண்டிப்பா ஒப்பிட்டிருப்போம்."

"வரலன்னுதான சார் நானும் சொல்லுதேன்!"

"சட்டிய எண்ணுதது விஞ்ஞானம் இல்லம்மா. அறிக்கைல வித்தியாசம் ஒண்ணாவது இருந்தாத்தான் நான் தேடுபடகு கேக்க முடியும். பூஜ்யத்த வச்சிக்கிட்டு யாரத் தேடச் சொல்ல?"

விஜிலா என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே, இந்தப் புரோகிராம நீங்கதான எழுதுனீங்க? வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே."

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் பதினேழாம் எண் திரையில் சிவப்பாக வந்து நிற்கும். அதற்கும் நான்கு விநாடிதான். நான் லிங்கராஜ் சாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நான் மௌனம் காத்தேன்.

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு விஜிலா கரைக்கு ஓடினார். அங்கே யாரும் அறிக்கை கேட்கவில்லை போலும். பத்து நிமிடத்தில் ஆறு வள்ளங்கள், வலையைக்கூட இறக்காமல், மறுபடி கடலுக்குள் போயின.

பொழுது சாய்வதற்குள் பதினேழைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். இஞ்சின் விசிறியில் அறுந்த வலை சிக்கி, வள்ளம் கிழக்கே அடித்துப் போயிருந்தது. விஜிலாவின் கணவர் கிளைட்டன் நனைந்து நடுங்கியபடி இறங்கினார். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

"சோத்தத் தின்னியளா?" என்றார் விஜிலா.

"குழம்புல உப்பு இல்ல ளா."

"கடல்லதான கெடந்திய? ஒரு கை அள்ளி ஊத்த வேண்டியதான!" என்றபடி சட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அழுதார்.

பிரிவும் கடமை தவறவில்லை. 'டோக்கன் இன்றி ஒரே நாளில் இரண்டாம் முறை கரை திரும்பியது ஏன்?' என்று ஆறு வள்ளங்களுக்கும் மறுநாளே விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினோம். பதினேழாம் எண்ணுக்கு மட்டும் அனுப்பவில்லை. எங்கள் அறிக்கையின்படி அது போகவும் இல்லை, வரவும் இல்லை.

அடுத்த மாதம் எங்களுக்கு விருது. தொடர்ந்து இருநூறு நாள் வித்தியாசமே இல்லாத ஒரே பிரிவு என்று சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் புகழ்ந்தார்கள். இதுவரை ஒரு வள்ளத்தைக்கூட இழக்காத சாதனை என்றார் ஒருவர். லிங்கராஜ் சார் அடக்கமாகத் தலை குனிந்தார். விருந்துக்கு விஜிலா கடையில் நாற்பத்தோரு சாப்பாடு சொல்லியிருந்தோம்.

இலைகள் விரிந்தன. சீலா மீன் குழம்பு மணத்தது. எல்லோரும் கை வைத்த பிறகு, மேடையிலிருந்து மாலையோடு இறங்கி வந்த லிங்கராஜ் சார் தன் நாற்காலிக்கு முன்னால் வெறும் மேசையைக் கண்டார்.

"என்னம்மா, எனக்குச் சாப்பாடு வரலியே?"

விஜிலா சட்டிகளை நிதானமாக எண்ணினார். "வந்த நாப்பதையும் பாத்துட்டேன் சார். சோறு, குழம்பு, பொரியல், அப்பளம், எல்லாம் சரியா இருக்கு. வித்தியாசம் பூஜ்யம்."

லிங்கராஜ் சார் என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லும்படி. நான் பேசவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தது. இத்தனை மாதத்தில் அன்று ஒருநாள்தான் என் மௌனத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது.