மாமாவுக்கு ஒரு சிவப்புப் பழம்

லார்பி மாமா வாசலில் வந்து நின்றபோது ஒபிரி அடுப்படியில் குழம்பை ருசி பார்த்து, முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போய் நின்றிருந்தான்.

நிலக்கடலைக் குழம்புதான். தக்காளி அளவு மீறிவிட்டது, அதுவும் அழுகும் பருவத்துத் தக்காளி. பக்கத்தில் மக்காச்சோளக் களி வேறு. அதற்கான மாவை அவன் மனைவி கொரந்தேமா வீட்டை விட்டுப் போவதற்கு முன் ஒரு வாளி நிறையக் கரைத்து வைத்திருந்தாள். குளிர்பெட்டியில் இருந்தும் அது நாளுக்கு நாள் புளித்துக்கொண்டே வந்தது. புது மாவு கரைக்க ஒபிரிக்குத் தெரியாது. அவள் கரைத்ததைக் கொட்டவும் மனம் வரவில்லை. அதையே தினம் கிண்டித் தின்றுகொண்டிருந்தான்.

லார்பி மாமா கொரந்தேமாவின் தாய்மாமன். அந்தக் குடும்பத்தில் யார் எங்கே வாழ வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு. ஒபிரி நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முறைப்படி வந்த காரியத்தைக் கேட்டான்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நீ எப்படி இருக்கேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் அவர். பிறகு மோப்பம் பிடித்தபடி, "குழம்பா?" என்றார்.

இந்த ஒரு வேளைச் சாப்பாட்டில்தான் தன் வாழ்க்கை இருக்கிறது என்று ஒபிரிக்குத் தோன்றிவிட்டது. காரணம் இருந்தது.

மாமனாரின் சாவுச் சடங்குக்கு கொரந்தேமா முன்கூட்டியே லார்த்தே ஊருக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டுக் கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு ஒபிரி பின்னால் போனான். ஒரே சாலையில் இரண்டு பந்தல்கள். முதல் பந்தலில் நுழைந்து உட்கார்ந்தான். அழுதான், சாப்பிட்டான், மேளம் உச்சத்துக்குப் போனபோது கைக்குட்டையைச் சுழற்றி ஆடவும் செய்தான். சாயங்காலம் இறந்தவரின் படத்தை நிமிர்ந்து பார்த்தால், அங்கே தலைப்பாகை கட்டிய ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பந்தலுக்கு ஓடினான். அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்ல வெட்கம். காய்ச்சலில் கிடந்தேன் என்று மனைவியிடம் சொன்னான். அவன் ஆடிய ஆட்டம் யாரோ ஒருவரின் கைப்பேசி வழியாக ஊரெல்லாம் சுற்றி அவளிடம் வந்து சேர்ந்தது. அது நான் இல்லை, என்னைப் போலவே இருக்கும் வேறு ஆள் என்றான். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

இப்போது அவள் மாமா குழம்பைக் கேட்கிறார்.

அப்போதுதான் ஒபிரிக்கு அசாப் பழம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் சின்ன வயதில் தின்றது. சிவப்பாக, விரல் நுனி அளவுக்கு இருக்கும். ஒன்றை மென்று கொட்டையைத் துப்பிவிட்டால் போதும், அதன்பின் நெடுநேரம் எந்தப் புளிப்பும் நாக்கில் தேனாக இனிக்கும். பக்கத்து வீட்டில் தையல்காரி தேதே அந்தச் செடி வைத்திருப்பதாகக் கொரந்தேமா ஒருநாள் சொல்லியிருந்தாள்.

சுவருக்கு மேலாக எட்டிக் கேட்டான். தேதே தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, பின்பக்கம் வேலியோரம் இருக்கிறது, வேண்டியதைப் பறித்துக்கொள்ளச் சொல்லிக் கையை வீசினாள். போனால், பளபளவென்று சிவந்த பழங்கள். பழுத்தவை அதிகமில்லை. தனக்கென்று ஒன்றைக்கூட வீணாக்காமல் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி வாய்க்கு நல்லது மாமா. அசா."

லார்பி மாமா ஒரு பழத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒபிரியைப் பார்த்தார். அவன் சட்டையில் குழம்புக் கறை, கண்ணுக்குக் கீழே கருவளையம். பழத்தை வாயில் போட்டு மென்றார். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"தேன்" என்றார்.

இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒபிரிக்கு உயிர் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அவன் ஒரு பேச்சுக்கு, இன்னும் இரண்டு நாள் தங்கிப் போகலாமே மாமா என்றான். அவரும் சரி என்று பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு வேளைக்கும் வேலியோரம் ஓட வேண்டியதாயிற்று. பக்கத்துக் கடையில் சாப்பாடு வாங்கி வைத்திருக்கலாம்தான். ஆனால் மாமாவுக்குத் தன் கைமணம் பழகிவிட்டது, மாறினால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தான். மறுநாள் காலை மாமாவுக்கு வயிறு கடமுடவென்றது. ஒபிரி பதறிப்போய், எலுமிச்சைச் சாறு குடித்தால் சரியாகிவிடும் என்று முதலில் ஒரு பழம், பின்னாலேயே ஒரு குவளை நிறையச் சாறு கொடுத்தான். தண்ணீர் கலக்க மறந்துவிட்டான். மாமா கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது.

"என்ன மாமா?"

"இனிப்பு" என்றார் அவர் மூச்சு வாங்கியபடி. "செத்துப்போன என் மச்சான் ஞாபகம் வந்துடுச்சு."

அன்று மாலை முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, கொரந்தேமா ஊரில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்று அவராகவே சொன்னார். ஒபிரி தலை குனிந்துகொண்டான். நாளைக்கு அவளை வரச் சொல்கிறேன், புருஷன் சமைக்கக் கற்றுக்கொண்டதை வந்து பார்க்கட்டும் என்றார். ஒபிரி இரவெல்லாம் புரண்டான். செடியில் பழுத்தது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

கொரந்தேமா தனியாக வரவில்லை. அவள் சின்னம்மா தார்க்கோவாவும் கூட வந்தாள். லார்த்தே இருக்கும் அக்குவாப்பிம் மலைக்காரர்கள் திட்டுவதையும் மரியாதையாகத் திட்டுவார்கள். தார்க்கோவா அதில் தேர்ந்தவள்.

ஒற்றைப் பழத்தை மாமாவுக்குக் கொடுத்தாயிற்று. மற்ற இருவருக்காகக் குழம்பில் கை நிறையச் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தான் ஒபிரி. புளிப்பு போகவில்லை. சர்க்கரையும் தனியாக நின்றது.

கொரந்தேமா களியை ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினாள். "இது நான் கரைச்ச மாவு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவள் பார்வை அவன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. வந்ததிலிருந்து அவள் அவனைப் பார்த்தது அப்போதுதான்.

தார்க்கோவா வாயில் வைத்ததைக் கைக்குட்டையில் துப்பினாள். "தயவுசெஞ்சு கேக்கறேன் மாப்பிள்ளை, இது பாத்திரம் கழுவின தண்ணிதானே?"

"தேன் மாதிரி இருக்கு" என்றார் லார்பி மாமா.

"அண்ணா, தயவுசெஞ்சு மன்னிக்கணும். உங்க நாக்கு எப்ப செத்துச்சு?"

"நான் தேன்னு சொன்னா தேன்தான். பொண்ணு இன்னைக்கே இங்க இருந்துக்கட்டும்" என்று அவர் இன்னொரு உருண்டையைக் கிள்ளினார்.

தார்க்கோவா விடவில்லை. குடும்பத்தின் பெரியவர் ஒரு பொய்க் குழம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்று ஊர்த் தலைவர் வீட்டுக்கே போய்ச் சொல்வேன் என்றாள். இருவருக்கும் பேச்சு முற்றியது. ஒபிரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். தன்னால் ஒரு பெரிய மனிதர் அவமானப்படுகிறாரே என்று பட்டது. பொய் சொல்லிச் சொல்லித்தானே இந்த நிலைக்கு வந்தோம், ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எழுந்து நின்றான்.

"மாமா மேல தப்பில்ல. நான்தான் அவருக்கு அசாப் பழம் கொடுத்து ஏமாத்தினேன். வந்த நாள்லேருந்து ஒவ்வொரு வேளையும் கொடுத்தேன். அவர் தின்னதெல்லாம் புளிச்ச சாப்பாடு. அவருக்குத் தெரியாது."

ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. இரண்டு பந்தல், தலைப்பாகை கட்டிய பெண்மணி, கைக்குட்டை ஆட்டம், வராத காய்ச்சல் எல்லாவற்றையும் கொட்டினான்.

தார்க்கோவா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஒரு பழத்தை வாயில் போட்டுக் குழந்தையை ஏமாற்றுவதுபோல் அண்ணனை ஏமாற்றிவிட்டானே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். லார்த்தே முழுக்க இதைச் சொல்லாமல் அவள் தூங்கப் போவதில்லை என்பது தெரிந்தது.

லார்பி மாமா கையைக் கழுவினார். மெல்லத் துடைத்துக்கொண்டார். ஆணியிலிருந்து பையை எடுத்தார். கோபம் தெரியவில்லை. வயதுதான் கூடியதுபோல் இருந்தது.

"மாப்பிள்ளை, நீ இன்னும் ஒரு வாய் பொறுத்திருக்கலாம்" என்றார். ஏமாற்றி வாங்கிய தீர்ப்பை இனி அவர் சொல்ல முடியாது. சொன்னாலும் யார் கேட்பார்கள்?

கொரந்தேமா வாசல்வரை போய் நின்றாள்.

"பந்தல் மாறிப் போனதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்" என்றாள். "அப்பா உயிரோட இருந்திருந்தா அவரும் சிரிச்சிருப்பார்." அவள் இப்போது சிரிக்கவில்லை. மாமாவின் பையை வாங்கிக்கொண்டு அவருடன் நடந்தாள். தெருக்கோடியில் ஒரு வண்டி நின்று மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஒபிரி தட்டுகளை அடுக்கினான். மாமாவின் தட்டு மட்டும் சுத்தமாக வழித்து வைக்கப்பட்டிருந்தது. உண்மையைச் சொன்னோம் என்ற ஒன்றாவது மிஞ்சியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அழுகை வந்தது.

சத்தம் கேட்டு தேதே சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னான். அவள் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைப் பிடித்தபடி யோசித்தாள்.

"அசா இன்னும் பிஞ்சாத்தான் நிக்குது அண்ணே. நீங்க வேளைக்கு வேளை பறிச்சுட்டுப் போனது காப்பிப் பழம்."