திரையில் விழுந்த கோடு

புது லேப்டாப் வாங்காமல் விடுவதில்லை என்று மோகன்குமார் முடிவு கட்டிவிட்டான். பழையது செத்தால்தானே புதுசு வரும்? அதுவோ சாகிற வழியைக் காணோம். சென்னிமலையில் அவன் தறியில் நெய்கிற பெட்ஷீட் படங்களை அவன் பெண்டாட்டி பொற்கொடி அதில்தான் வியாபாரிகளுக்குக் காட்டுவாள். குண்டுக்கல் மாதிரிக் கெட்டியாக இருந்தது.

அப்போதுதான் பிரவுசர் செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் கண்ணில் பட்டது. கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன். படம் காட்டுகிற வேலையை உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் சிப்பிடம் தள்ளிவிடுகிற சுவிட்ச். நல்ல சிப்பானால் படம் பறக்கும். இந்தக் கிழட்டுச் சிப்புக்கு ஆகாதென்று யாரோ முன்பே அணைத்திருந்தார்கள். ரிப்பேர்க் கடைக்காரனாக இருக்கும். மோகன்குமார் அதைப் போட்டான். பிரவுசரை மூடித் திறந்தான். பெட்ஷீட் படத்தின்மேல் பச்சையும் கறுப்புமாய்க் கோடு விழுந்து துடித்தது.

"அம்மணி, இங்க வா. மிஷின் போச்சு."

பொற்கொடி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏனுங்க, நேத்து நல்லாத்தான இருந்துச்சு?"

"நேத்து நல்லாருந்த மனுசனே இன்னிக்குப் போயிடறான். இது மிஷினுதான?"

"சரி பண்ண முடியாதுங்களா?"

"எல்லாம் பாத்துப்போட்டேன். சிப்பே அவிஞ்சிருச்சு. புதுசுதான் வாங்கோணும்."

அவள் போனில் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். கடையில் காட்டத்தான் என்று அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது. இப்படி நம்புகிறாளே என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் எப்போது நம்புகிறாள், எப்போது நம்புகிற மாதிரி இருக்கிறாள் என்று அவனுக்குப் பிடிபட்டதில்லை.

அடுத்த வாரம், பொற்கொடி கொடுத்த டிசைனை அவன் நெய்து முடிக்க, தறியிலிருந்து ஒரு பெட்ஷீட் இறங்கியது. பச்சையும் கறுப்பும். ஓடுகிற கோடு பாதியில் நின்று பக்கத்தில் தொடங்கியது. எங்கோ பார்த்த கோடு.

"அன்னிக்கு எடுத்த போட்டோவைப் பாத்துட்டு கருமத்தம்பட்டி வியாபாரி இதையேதான் கேக்கறாருங்க. இப்படி ஒரு டிசைனை எங்கயும் பாத்ததில்லையாம்."

"அப்ப புது லேப்டாப்பு?"

"புதுசுல இந்தக் கோடு விழுமுங்களா?"

விழும் என்றால் பொய். விழாது என்றால் லேப்டாப் போச்சு. மோகன்குமார் பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்தான். நெசவு நன்றாகத்தான் இருந்தது.

"இல்ல அம்மணி, அந்தச் சிப்பு..."

"சிப்புக்கு ஒண்ணுமில்லீங்க. போன வருசம் கோடு விழுந்தப்ப அந்தச் சுவிட்சை அணைச்சு வெச்சதே நாந்தான். அன்னிக்கு நீங்க அதைப் போட்டப்ப உங்க பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். நீங்க கூப்பிடறதுக்குள்ள சமையக்கட்டுக்குப் போயிட்டேன்." பெட்ஷீட்டை மடித்து அவன் கையில் கொடுத்தாள். "நாளைக்கு நீலத்துல ஒரு கோடு விழற மாதிரி அந்தச் சுவிட்சைப் போடுங்க."