வேண்டாத குழாய்

மார்ச் இருபத்தெட்டாம் தேதி வெட்டிய குழியை இருபத்தொன்பதாம் தேதி மூடச் சொல்லிவிட்டு, முனிசிபாலிட்டி குமாஸ்தா பஞ்சாட்சரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேணாம்னே சொல்லிட்டாங்களா சவுரியம்மா?"

"ஆமாங்க ஐயா. வாசல்ல குழாய் வந்தா ஊரே வந்து நிக்கும், கோஷா வீட்டுக்கு ஆகாதுன்னு முனவ்வர் பேகம் சொல்லிட்டாங்க."

அந்த வருஷ பட்ஜெட்டில் சர்க்கார் ஊருக்கு ஒரே ஒரு தெருக் குழாய் தந்திருந்தது. முப்பத்தொன்றுக்குள் போடாவிட்டால் பணம் கஜானாவுக்குத் திரும்பிவிடும். "பணம் போனா நீயும் கூடவே போய்டு" என்று சேர்மன் சொல்லியிருந்தார். ஜாஸ்தி வரி கட்டுகிற தெருவுக்கே வசதி என்பது கவுன்சில் தீர்மானம். ஆகவே குழாய் தோல் வியாபாரிகள் தெருவுக்கு.

வியாபாரிகள் தோல் ஏலத்துக்கு மெட்ராஸ் போயிருந்தார்கள். வீட்டுப் பெண்களோ கோஷா முறைப்படி அந்நிய ஆணிடம் பேசமாட்டார்கள். உள்ளே போய் வருகிறவள் தண்ணீர் சுமக்கும் சவுரியம்மாள் ஒருத்திதான். பாலாற்று ஊற்றிலிருந்து பெரிய வீடுகளுக்குப் பதினாறு குடம் சுமந்த பிறகு, பதினேழாவது குடம் அவள் குடிசைக்கு.

பஞ்சாட்சரம் எதிரே இருந்த நயீம் அகமது வீட்டு வாசலில் இரண்டாவது குழி வெட்டினார்.

"ஐயா, தண்ணி வழிஞ்சா தோல் வண்டி மாடு வழுக்குமாம். வேணாங்கறாங்க."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றாவது குழி.

"இப்ப இன்னா?"

"குழாயோட வாய் எந்த வீட்டைப் பாக்கும்னு கேக்கறாங்க."

"வடக்கே பாக்கட்டும்!"

"அப்ப தெக்கு வீட்டுக்கு முதுகு காட்டுமேங்கறாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்தாயிற்று, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை!

முப்பதாம் தேதி மாலை சேர்மனின் ஜட்கா மூன்றாவது குழியில் சக்கரத்தை விட்டது. குடைசாய்ந்த வண்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த சேர்மன், தலைப்பாகையைத் தேடியபடியே கத்தினார்: "எங்கயாவது போட்டுத் தொலைய்யா!"

"எங்க தெருவுல போடுங்க ஐயா" என்றாள் சவுரியம்மாள். "பெரிய பைப்பு அந்தப் பக்கந்தான் வருது. வேணாம்னு சொல்ல ஆள் கிடையாது."

உண்மைதான். தோல் ஷெட்டு கூலிக்காரர்களின் தெருவைத் தொட்டுக்கொண்டுதான் பைப்பு வந்தது. அங்கே ஒரு சொட்டு விட வேண்டுமென்று எந்தத் தீர்மானத்துக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் குழாயைத் திறந்தார்கள். சவுரியம்மாள் குழாயடியில் குடத்தைக்கூட வைக்காமல் இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பஞ்சாட்சரத்துக்குத் தன் வேலை தப்பியதைவிட அது பெரிய சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் சர்க்கார் பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து திரும்பிய நயீம் அகமது ஆபீசுக்கே வந்துவிட்டார். பஞ்சாட்சரம் பதறி எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சாயபு. உங்க தெருவுல வேணாம்னு மூணு தடவ சொல்லி அனுப்பிச்சாங்க. அதனாலதான் குழாயை அங்க போட்டேன்."

"குழாயா?" என்றார் நயீம் அகமது. "வாசல்ல வெட்டின குழியை ஏன் மூடிட்டீங்கன்னு கேக்க வந்தேன். அந்தக் குழியெல்லாம் லாந்தர் கம்பத்துக்குன்னுதானே சவுரியம்மா எங்க வீட்ல சொல்லியிருக்கு!"