மிஷினுக்கு வைத்த பொட்டு

லாபிஸ்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

சின்ன வயதில் என்னை இடுப்பில் சுமந்து, அதில் இரண்டு தடவை கீழே போட்ட அன்புமிக்க அக்கா யோகேஸ்வரி அவர்களுக்கு, அந்த இரண்டு தடவையையும் இன்னும் மறக்காத தம்பி காளிதாஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் சுகம். வைஷ்ணவி சுகம். பூனைக்குத்தான் சுகமில்லை, ஆனால் அதன் முகமே அப்படி. அத்தானின் முட்டி வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும். பதில் மட்டும் வேண்டாம், அவர் ஆரம்பித்தால் நாலு பக்கம் போகும்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். நம் வீடு பலகை வீடு அக்கா. முன்னறையில் நான் இருமினால் பின்னறையிலிருந்து பிள்ளை தண்ணீரோடு வருகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அத்தையிடம் தங்க இடம் கேட்பதை மரியாதையாகக் கடிதத்தில்தான் கேட்க வேண்டும் என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

வைஷ்ணவி இப்போது நாலாம் படிவம், பதினாறு வயது. எஞ்சினியர் ஆகப் போகிறாளாம். வீட்டில் காத்தாடி, ரேடியோ, சோறு வேகும் சட்டி என்று என்னைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிட்டாள். பள்ளியில் டீச்சர் ஒரு ஃபாரம் கொடுத்தார். லீவு நாளில் ஏதாவது ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் இரண்டு வாரம் வேலை பழகக் கையெழுத்தும் முத்திரைச் சாப்பும் வாங்கி வந்தால்தான், தொழில்நுட்பக் கல்லூரிக்கு இவள் பெயர் போகும். இல்லாவிட்டால் போகாது, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளுக்கு மாமா எஞ்சினியர், சித்தப்பா எஞ்சினியர். இவளுக்கு இங்கே மாமா, சித்தப்பா, அப்பா எல்லாமே நான் ஒருவன்தான். என் கையில் இருப்பது துடைப்பம்.

விடுவேனா? அந்த ஃபாரத்தில் எஞ்சினியரிங் என்ற எழுத்து எது என்று அவளைக் கேட்டு, அதை அப்படியே உள்ளங்கையில் பேனாவால் வரைந்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் அவளையும் ஏற்றிக்கொண்டு லாபிஸிலிருந்து சிகாமட் வரை கிளம்பினேன். பிள்ளை வாய் திறப்பதற்குள் கடைப் பலகைக்கு முன்னால் நிற்பது, உள்ளங்கையைப் பார்ப்பது, பலகையைப் பார்ப்பது, எழுத்து ஒத்துப்போனால் உள்ளே போவது. நம் ஊரில் எத்தனை எஞ்சினியரிங் இருக்கிறது தெரியுமா அக்கா? முதல் எஞ்சினியரிங்கில் வீட்டு கேட் செய்தார்கள். இரண்டாவதில் கோழிக் கூண்டு. மூன்றாவதில் வாசனை வந்த உடனேயே எனக்குச் சந்தேகம்தான், கக்கூஸ் தொட்டி உறிஞ்சும் லாரி நின்றது. அந்த லாரி முதலாளி தவுக்கே மட்டும்தான் வாய் நிறையச் சிரித்து நாளைக்கே வரச் சொன்னார். செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போனோம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை உள்ளே விட முடியாது என்று கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா சொல்லிவிட்டான். நான் பன்னிரண்டு வயதில் இதே கேட் வழியாகப் பழம் பொறுக்க வந்தவன் என்றேன். அதனால்தான் நீ இன்னும் பழம் பொறுக்கியவன் மாதிரியே இருக்கிறாய் என்றான். நல்ல பதில், எனக்கே பிடித்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. கடைசியில் ஹேமநாதன் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், பிள்ளை மேசையில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருக்கிறாள், விரலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பெண் பிள்ளை கை அழுக்காகக் கூடாது என்று ஹேமநாதனுக்கு அக்கறையாம். அதோடு போதும் என்று அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். என் கேலிக்கு அவள் சிரிக்க மாட்டாள், அது வழக்கம். அன்றைக்கு முறைக்கவும் இல்லை.

அப்புறம்தான் எங்கள் பிஸ்கட் கம்பெனியிலேயே கேட்டேன். சூப்பர்வைசர் மனோகரன், ஜோகூர் பாருவில் இருக்கும் தலைமைக் கம்பெனியிலிருந்து வியாழக்கிழமை ஒரு எஞ்சினியர் வருகிறார், புது மிஷினை ஓட்டிப் பார்க்க, பிள்ளையைக் கூட்டி வந்து கேட்டுப் பார் என்றார். இங்கேதான் அக்கா, உன் தம்பி புத்தி வேலை செய்தது. பழைய கம்பெனியில் மிஷின் என் மோதிர விரல் நுனியை வாங்கிக்கொண்டதிலிருந்து எனக்கு மிஷின் என்றால் கொஞ்சம் மரியாதை அதிகம். ஆயுத பூசைக்குத் துடைப்பத்துக்கே பொட்டு வைப்பவன் நான். பிள்ளையின் எதிர்காலமே தொங்குகிற நாளில் புது மிஷினை மொட்டை நெற்றியோடு விடலாமா? வியாழக்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்னால் சந்தனம் குழைத்து எடுத்துப் போனேன். நெற்றி எங்கே என்று தேடினேன். நடுவில் வட்டமாக, சின்னதாக ஒரு கண்ணாடி. அம்மன் நெற்றி மாதிரியே இருந்தது. சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன்.

அது கண்ணாம் அக்கா. பாக்கெட் வருகிறதா என்று பார்க்கிற கண்.

எஞ்சினியர் வந்தார். லக்ஷ்மிப்ரியா என்று பெயர், முப்பது வயது இருக்கும், நம் தமிழ்ப் பிள்ளை. பட்டனை அமுக்கினார், மிஷின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. திரும்ப அமுக்கினார், திரும்ப நின்றது. மூன்று மணி நேரம் கழற்றினார்கள், வயரைச் சோதித்தார்கள், கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். பிஸ்கட் ஒரு பக்கம் மலையாகக் குவிகிறது, நான் அதைப் பெருக்கிக்கொண்டே என் பொட்டு துணைக்கு இருக்கிறது, எல்லாம் சரியாகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஜாகா கொட்டகையில் ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்த வைஷ்ணவியை டார்ச் லைட் பிடிக்கக் கூப்பிட்டார்கள். அவள் லைட்டைப் பிடித்தாள், குனிந்தாள், கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். கட்டை விரலால் ஒரு துடை. மிஷின் ஓடியது.

"என்னம்மா அது?" என்றார் எஞ்சினியர்.

"தூசிங்க மேடம். கண்ணை மறைச்சிருந்துச்சு."

அங்கேயே கையெழுத்து, அங்கேயே சாப். உன் ஊரிலேயே, ஜோகூர் பாருவில் இரண்டு வாரம். எனக்கு அப்போதுதான் விளங்கியது, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தூணாகிவிட்டேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நீதான் முதல் ஆள், கடைசி ஆளும் நீதான். தன் புத்தியால் கிடைத்த இடம் என்று பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கிறாள். கோளாறே அப்பன் வைத்தது என்று தெரிந்தால் அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள், அவள் அம்மா பிடிவாதம் உனக்குத் தெரியும். மிஷினில் இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். என்ன அடையாளமோ, நான் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்றே பெருக்குகிறேன்.

ஆகவே, அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள் அவள் வேலை தொடங்குகிறாள், இரண்டு வாரம் உன் வீட்டில் படுக்க இடம் கொடு. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். "ரெண்டு வாரம் என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "நிம்மதியா இருப்பேன் லா" என்றேன். உண்மைதான், காத்தாடி கழற்றப்படாமல் ஓடும், ரேடியோ முழு உடம்போடு பாடும். ஒருவனுக்கு எவ்வளவு சோறு என்று நேற்று அவள் டியூஷன் போயிருந்தபோது பால் டின்னில் அரை டின் அரிசி போட்டு ஒத்திகை பார்த்தேன். சட்டி கொதிக்கிற சத்தம்கூட வரவில்லை. அவள் அம்மா தனலெட்சுமி இறந்துபோன பிறகு பிள்ளை ஒரு தடவை மூன்று நாள் பள்ளி முகாமுக்குப் போனாள், அப்போது பூனையிடம் பேசிப் பழகியிருக்கிறேன். அதுவும் சிரிக்காது, ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கு வைஷ்ணவிக்கு இருக்கிற திறமை அதற்கு இல்லை. நடுவில் சனி ஞாயிறுக்கு அவளை இங்கே அனுப்பி அலைக்கழிக்காதே. நீயும் வர வேண்டாம், இங்கே பார்க்க ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும். அவள் அம்மா போனதிலிருந்து தினம் காலையில் நான்தான் அவளுக்குப் பொட்டு வைத்து அனுப்புகிறேன். அங்கே நீ வைத்துவிடு. வேண்டாம் என்பாள், நெற்றியை மட்டும் காட்டுவாள்.

அத்தானுக்கும் அவர் முட்டிகள் இரண்டுக்கும் என் வணக்கம். நம் அம்மன் உன் வீட்டில் எல்லோரையும், மிஷின்களையும் சேர்த்து, காக்கட்டும்.

உன் தம்பி,
காளிதாஸ்

பி.கு.: அத்தை, நான் வைஷ்ணவி. அப்பாவுக்கு இங்கிலீஷ்ல விலாசம் எழுத வராதுன்னு உறையை என்கிட்டதான் கொடுத்தாரு. சோத்துப் பருக்கையில ஒட்டியிருந்தாரு, அது ஒட்டல. படிச்சிட்டேன்.

அப்பாவுக்கு மோதிர விரல்ல நுனி இல்ல. அவர் வைக்கிற பொட்டு எப்பவும் ஒரு பக்கம் சரிஞ்சு பிறை மாதிரிதான் வரும். நாலு வருஷமா கண்ணாடியில பாக்குறேன், எனக்குத் தெரியாதா? லைட் அடிச்ச உடனே தெரிஞ்சிருச்சு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே லக்ஷ்மிப்ரியா மேடத்தைத் தனியாக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிட்டேன். மனோகரன் அங்கிளுக்கு அது தூசியாவே இருக்கட்டும்னு மேடம் சொன்னாங்க, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க. அந்த வட்டம் அவங்க போட்டதுதான். இனிமே பொட்டு அங்க வைக்கலாமாம். அப்பாதான் பயந்துக்கிட்டுத் தள்ளி நிக்கிறாரு. எனக்குத் தெரியும்னு நீங்க சொல்லிடாதீங்க, நானே சொல்லிக்கிறேன்.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் ரயில் ஏறி லாபிஸுக்கு வந்துருவோம். அப்பாகிட்ட சொல்ல வேணாம். அரை டின் அரிசிதான் போட்டிருப்பாரு, வந்து சேர்த்துப் போட்டுக்கலாம்.

அதுவரைக்கும் நீங்க எனக்குப் பொட்டு வைக்க வேணாம் அத்தை. நீங்க வச்சா நேரா வந்துரும்.