பல் டாக்டரை ஆடிட் செய்யப் போனவன்

ஒரகடத்தில் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. எங்களுக்குப் பொருள் அனுப்பும் கம்பெனிகளுக்குப் போய், கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திணறடித்து, தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடுதான் எட்டு வருடங்களுக்கு முன்னால் என் மகளுக்குப் பல் டாக்டர் தேடப் போனேன். என் அனுபவத்தில் ஆடிட்டரே ஃபெயிலான ஆடிட் அது ஒன்றுதான்.

அப்போது மகள் யாழினிக்கு ஆறு வயது. என் மனைவி செல்வி நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மண்ணூரில் வாடகை வீடு. சொந்தபந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் கிடையாது. எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் யாழினி கீழே வீட்டுக்காரம்மாவோடு படுத்துக்கொள்வாள். காலையில் வந்து அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுப்பேன். தூக்கம் மட்டும் வராது. பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். செல்வி போனில் கேட்டால், "நல்லாத் தூங்குதேன், நல்லாச் சாப்பிடுதேன்" என்பேன். (சாப்பாடு என்பது பெரும்பாலும் கேன்டீன் உப்புமா.)

இந்த லட்சணத்தில் யாழினிக்குக் கடைவாயில் சொத்தை. பால் பல்தானே, தானாக விழுந்துவிடும் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கன்னம் வீங்கிய பிறகு, பக்கத்தில் பெரியவர்களுக்குப் பார்க்கும் ஒரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே நானும் அவருடைய உதவியாளரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டோம். யாழினி டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது, அவருக்கு. நல்ல மனிதர். விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டே வீக்கம் வற்ற மருந்து எழுதித் தந்தார்.

"சார், கொழந்தைங்களுக்குன்னே தனியாப் படிச்ச பல் டாக்டருங்க இருக்காங்க. அங்க கூட்டிகினு போங்க. அந்தப் பல்லைக் காப்பாத்தணும். அதுதான் அடுத்து வர்ற பல்லுக்கு எடம் புடிச்சி வெச்சிருக்கு. இவங்க பெரிசாகிற வரைக்கும் ஒரே டாக்டர் பாத்தா நல்லது" என்றார்.

அன்றிலிருந்து சொத்தையைப் பார்க்க நான் டார்ச்சைக் கையில் எடுத்தாலே யாழினி வாயை இறுக மூடிக்கொண்டாள். எனக்கு அது வலித்தது. அவள் கையை அமுக்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவளுக்கென்று இங்கே இருந்த ஒரே ஆளும் நான்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே முறையில் டாக்டர் தேடினேன். சப்ளையர் ஆடிட் படிவத்தில் 'கம்பெனி' என்று இருந்த இடத்திலெல்லாம் 'கிளினிக்' என்று மாற்றி அச்சடித்தேன். முப்பத்து நான்கு கேள்விகள். கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதா, டாக்டர் லீவு போட்டால் மாற்று ஆள் யார். முதல் கிளினிக்கில் பதினோராவது கேள்வியில், "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று மிரண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தார்கள். (குடித்தேன்.) இரண்டாவதில் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாவது கிளினிக் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, ஆறு நாள் நைட் ஷிப்ட் முடித்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் யாழினியோடு போய் நின்றேன். சட்டைப் பையில் இரண்டு ஸ்டிக்கர் சுருள்கள். தேறிய பாகத்துக்குப் பச்சையில் 'ஓ.கே.', தேறாததற்குச் சிவப்பில் 'என்.ஜி.' என்று ஒட்டுவது எங்கள் ஆலை வழக்கம்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. முப்பத்து நான்கு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா சார்? பாப்பாவுக்கு எதுக்குப் பயம்?" என்றார்.

படிவத்தில் அது இல்லை. "ஊசிக்கு" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"இல்ல, கையப் புடிச்சிகினாதான் பயம்" என்றாள் யாழினி. (எங்கள் வீட்டில் மண்ணூர்த் தமிழ் பேசும் ஒரே ஆள். வீட்டுக்காரம்மா உபயம்.)

"இங்க யாரும் புடிக்க மாட்டாங்க. மொதல்ல அப்பாவுக்குப் பாப்போம். நீ பக்கத்துல நின்னு பாரு. அப்பா கையத் தூக்கினா நான் நிறுத்திடுவேன்."

குழந்தைகளுக்கான நாற்காலி அது. முழங்காலுக்குக் கீழே என் கால்கள் அந்தரத்தில் தொங்கின. மேலே கூரையில் நிலாவும் நட்சத்திரமும் வரைந்திருந்தார்கள். டாக்டர் பழக்கதோஷத்தில், "வாயத் தொறங்க தங்கம். அப்படித்தான், நல்ல பிள்ளை" என்றார். நான்கு மாதமாக யாரும் என்னிடம் அந்தக் குரலில் பேசியிருக்கவில்லை. பல்லை ஒவ்வொன்றாகத் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். ஏழு வரை காதில் விழுந்தது.

கண் விழித்தபோது மணி பதினொன்றரை. நடுவில் நடந்ததை ரிசப்ஷனில் இருந்த பெண் தேவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"சார், நீங்க வுட்ட கொறட்டையில, உள்ள இன்னா மிஷின் ஓடுதுன்னு வெளிய பசங்க அழ ஆரம்பிச்சிடுச்சிங்க. டாக்டர் எழுப்பப் போனாங்க. உங்க பாப்பாதான், 'அப்பாவுக்கு நைட் ஷிப்ட், எழுப்பாதீங்க'ன்னு சொல்லிடுச்சி."

பிறகு யாழினி யாரும் சொல்லாமலே பக்கத்து நாற்காலியில் ஏறிப் படுத்தாளாம். "அப்பாவே தூங்கிட்டாரு. அப்ப வலிக்காது" என்று வாயைத் திறந்தாளாம். இருபது பல்லையும் எண்ணி முடித்து, அடுத்த வாரம் சிகிச்சைக்கு நேரமும் குறித்துவிட்டார்கள்.

டாக்டரின் வெள்ளைக் கோட்டில், என் பையிலிருந்து யாழினி எடுத்து ஒட்டிய பச்சை ஸ்டிக்கர். தேவிக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. என் சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று போனைப் பார்த்தார்கள். நான் ஆடிட்டர் மிடுக்கோடு, "எல்லாம் திருப்தி" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வெளியேறினேன். ஷேர் ஆட்டோவில் பாதி வழி போன பிறகு டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இன்னா சார், நெத்தில என்.ஜி.ன்னு ஒட்டிக்கீது? கம்பெனில ரிஜெக்ட் பண்ணி அனுப்ச்சிட்டாங்களா?"

யாழினி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. நான் வாயைப் பிளந்து, நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரோடு கிடக்கும் கோலத்தை தேவியை விட்டு என் போனிலேயே படம் எடுக்கவைத்து, அம்மாவுக்கும் அனுப்பியிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வி வீடியோவில் வந்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லாத் தூங்குதேன்னு சொன்னீயளே."

"அங்க தூங்கினேன்லா."

"கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கிடக்கு."

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "முடியல செல்வி. நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு கிடக்கு" என்றேன். போனை யாழினி பிடித்திருந்ததால் முகத்தை மறைக்கவும் வழியில்லை. அங்கே அவளும் இங்கே நானும் அழுதோம். யாழினி மட்டும், பல் டாக்டர் கொடுத்த பலூனை மறு கையால் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பல்லுக்குத் தொப்பி மாதிரி ஒரு உறை போட்டார்கள். அது பதினோரு வயது வரை தாக்குப்பிடித்து விழுந்தது. அடுத்த பல் நேராக முளைத்தது. செல்வி இன்னும் மஸ்கட்டில்தான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்புப் படமாக இன்றும் இருப்பது என் நெற்றி ஸ்டிக்கர்தான். வீட்டில் நான் கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், "இன்னாப்பா, டாக்டர்கிட்ட நாற்காலி சொல்லி வைக்கட்டா?" என்பாள் யாழினி.

போன மாதம் டாக்டர் அவளுடைய பற்களைக் கடைசியாக ஒருமுறை எண்ணிவிட்டு, "இனிமே நீ பெரியவங்க டாக்டர்கிட்டயே போகலாம்டா" என்றார். யாழினி தலையாட்டிவிட்டுச் செருப்பு மாட்டப் போய்விட்டாள். "அப்போ நாங்க இனி வர வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டேன். என் கை அந்தக் குட்டி நாற்காலியின் மேலேயே இருந்தது.

"அவ வர வேணாம். நீங்க வேணா வாங்க சார். உங்களுக்கு இன்னும் அந்த வயசு தாண்டல."

தேவி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது கம்பெனி பஸ் அந்தக் கிளினிக்கைத் தாண்டியது. நாக்கால் பல்லையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொத்தைகூட இல்லை.